மூளைக்கு ஒட்டிய விலைச்சீட்டு

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில், நமது நகரங்களின் சந்திகளிலே பத்து வயதுப் பிள்ளைகளின் முகங்கள் பதாகைகளில் ஏறித் தொங்குகின்றன. ஒவ்வொரு முகத்தின் கீழும் ஓர் எண்: 178, 185, 191. பிள்ளையின் பெயரைவிட அந்த எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். எண்ணைவிடப் பெரிதாக, அதை ‘உற்பத்தி’ செய்த தனியார் கல்வி நிலையத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அதே வாங்கிலிருந்து அதே வினாத்தாளுக்கு விடையெழுதிய மற்றப் பிள்ளைக்கும் ஓர் எண் கிடைத்திருக்கின்றது. அது சந்திக்கு வருவதில்லை. வீட்டுக்குள்ளே, தாயின் பெருமூச்சிலும் தகப்பனின் கடுஞ்சொல்லிலும் தங்கிவிடுகின்றது.

இந்த வேற்றுமைக்குக் காரணம் யாதெனக் கேட்டால் படித்தவரும் படியாதவரும் ஒரே விடையையே சொல்கின்றனர். ‘மூளை’ என்கின்றனர். அது சிலருக்குப் பிறப்பிலேயே உண்டாம், சிலருக்கு இல்லையாம். பாட்டன் தலையெழுத்து என்றான்; பேரன் ஐ.கியூ. என்கின்றான். பாட்டனுக்குப் பஞ்சாங்கம் இருந்தது. பேரனுக்கு உளவியல் இருக்கின்றது. இடையிலே எத்தனையோ இயக்கங்களும் எத்தனையோ போராட்டங்களும் நடந்து முடிந்திருக்கின்றன. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லையென்று மேடைதோறும் முழங்கியிருக்கின்றோம். முன்வாசலால் வெளியேற்றிய பிறப்பு வழிபாடு கொல்லைப்புறத்தால் வீட்டுக்குள் நுழைந்து, இம்முறை வெள்ளைச் சட்டை அணிந்து, கையில் வினாத்தாளோடு உட்கார்ந்திருப்பதைக் காணாதிருக்கின்றோம்.

ஆயினும் ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அறிவுக்கூர்மையிற் பேதமே இல்லையென்று நாம் வாதாட வரவில்லை. கரும்பலகைக்கு முன்னால் ஒரு கிழமை நின்ற எந்த ஆசிரியரும் அப்படிச் சொல்லத் துணியார். வினாவை வாசித்து முடிக்குமுன் விடையைக் கண்டுகொள்ளும் பிள்ளை உண்டு. ஒரு முறை கேட்டதை மறவாத பிள்ளை உண்டு. ஆசிரியர் கேட்க நினையாத கேள்வியைக் கேட்டு அவரைத் திகைக்கவைக்கும் பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காகவும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம். ஏனெனில், மிகுந்த அறிவுக்கூர்மை உடையவனாக இருப்பதென்றால் எப்படியிருக்கும் என்ற கேள்விக்கு மூளைக்குள்ளே விடை கிடைப்பதில்லை. அவனை அவன் சமூகம் என்ன செய்கின்றது என்பதிலேதான் விடை கிடைக்கின்றது.

மூளையை அளந்து விலைச்சீட்டு ஒட்டும் தொழில் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ற்றன் 1869இல் பாரம்பரிய மேதைமை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1660 முதல் 1865 வரை இங்கிலாந்தில் நீதிபதிகளாக இருந்தோரை எடுத்து, அவர்களுடைய தந்தையர், மைந்தர், மருமக்கள் ஆகியோருள் எத்தனை பேர் பெரும் பதவிகளை அடைந்தனர் என்று எண்ணினார். நிறையப் பேர் அடைந்திருந்தனர். ஆகவே மேதைமை இரத்தத்தில் வருகின்றது என்று முடிவு கட்டினார். நீதிபதியின் மகனுக்குத் தந்தையின் செல்வாக்கும் செல்வமும் சிநேகிதரும் கிடைக்கின்றன என்பது அந்தப் பேரறிஞருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தோன்றாததில் வியப்பில்லை. தந்தையார் 1844இல் இறந்தபோது கிடைத்த சொத்தினால் வாழ்நாள் முழுவதும் பிழைப்புக்காக ஒரு வேலையும் செய்ய வேண்டிய அவசியமில்லாதவர் கால்ற்றன். 1883இல் ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லைப் படைத்து, நல்ல இரத்தத்தைப் பெருக்கித் தீய இரத்தத்தைக் குறைக்கும் ‘விஞ்ஞானத்துக்கு’ப் பெயர் சூட்டியவரும் அவரே. இங்கே நமது பக்கத்தாரையும் தப்பவிடலாகாது. அக்கோட்பாட்டை ஆதரித்தோருள் சிட்னி வெப், பேர்னாட் ஷா போன்ற இங்கிலாந்துச் சோஷலிஸ்டுகளும் இருந்தனர். தொழிலாளியின் நண்பர் என்று சொல்லிக்கொள்வோரும் தொழிலாளியின் பிள்ளை பெருகுவதைக் கண்டு அஞ்சிய காலம் ஒன்று இருந்தது.

இன்று நுண்மதிப் பரீட்சை என வழங்குவதன் தந்தையாகிய அல்பிரட் பினே என்ற பிரெஞ்சுக்காரரோ வேறு வகையினர். எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தாக வேண்டும் என்று பிரான்ஸ் சட்டமியற்றிய பின்னர், பாடத்தில் இடறும் பிள்ளைகளுக்கு எவ்வாறு உதவுவது என்பதை ஆராய 1904இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதற்காகவே பினே, சிமொன் என்பாரோடு சேர்ந்து 1905இல் தமது அளவுகோலை வெளியிட்டார். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். பிள்ளையின் அறிவு என்றைக்கும் மாறாத ஓர் அளவு என்று சொன்னவர்களை 1909இல் அவர் கடுமையாகச் சாடினார். பயிற்சியினால் அறிவு வளரும் என்பதே அவர் கொள்கை. அக்கொள்கையை முழுதாக நிலைநாட்ட ஆயுள் இடங்கொடுக்கவில்லை, 1911இல் இறந்துபோனார். அளவுகோல் கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றது. நோக்கம் பாரிசிலேயே தங்கிவிட்டது.

அமெரிக்காவிலே அது என்ன ஆயிற்று? 1917இல் அந்நாடு முதலாம் உலகப் போரில் இறங்கியபோது, ஏறத்தாழ 17 இலட்சம் போர்வீரர்களுக்கு நுண்மதிப் பரீட்சை வைத்தார்கள். ‘கிறிஸ்கோ’ என்பது யாது, மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப்பொருளா என்பது அதிலே ஒரு கேள்வி. கிறிஸ்கோ அமெரிக்கச் சமையலறைகளில் வழங்கிய ஒரு கொழுப்பின் வணிகப் பெயர். முதல் நாள் கப்பலால் இறங்கிய இத்தாலியக் கூலிக்கு அது தெரியாவிட்டால் அவனுக்கு மூளை குறைவு என்று பொருள்! கார்ல் பிரிகாம் என்ற உளவியலாளர் 1923இல் இப்பெறுபேறுகளை வைத்து ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்த குடியேறிகள் கூடுதலான புள்ளி பெற்றிருந்தனர். அண்மையில் வந்தோர் குறைவாகப் பெற்றிருந்தனர். சாதாரண மனிதன் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவான்? நாட்டுக்குப் பழகப் பழகப் புள்ளி கூடுகின்றது என்பான். பிரிகாமோ, முன்னர் வந்தவர்கள் உயர்ந்த இனத்தார், பின்னர் வந்தவர்கள் தாழ்ந்த இனத்தார் என்றார். தென், கிழக்கு ஐரோப்பிய மக்களின் வரவைக் குறுக்கும் சட்டம் 1924இல் நிறைவேறியது. அதற்கு அந்நூல் ஒன்றே காரணமென்று சொல்ல முடியாது. ஆனால் அன்று வீசிய காற்றின் திசையை அந்நூல் காட்டுகின்றது. 1930இல் பிரிகாம் தமது வாதத்தைத் தாமே கைவிட்டார். சட்டமோ கைவிடப்படவில்லை.

குடியேறியின் முன்னால் கதவைச் சாத்தியதோடு நின்றிருந்தாலும் ஒருவாறு பொறுக்கலாம். வேர்ஜினியா மாகாணத்தைச் சேர்ந்த கரி பக் என்ற ஏழைப் பெண்ணின் கதையை ஆசிரியர்களாகிய நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். தாயைப் பிரிந்து பிறர் வீட்டில் வேலைக்காரிபோல் வளர்ந்தவள். அவ்வீட்டாரின் உறவினன் ஒருவனால் பலாத்காரத்துக்கு உள்ளாகிக் கருவுற்றாள். தமது குடும்பத்தின் மானத்தைக் காக்க வீட்டார் அவளை மூளைக்குறைவுள்ளவள் என்று சொல்லி, 1924இல் அரசாங்க விடுதியில் அடைத்துவிட்டனர். அவளுடைய தாய் ஏற்கனவே அங்கே அடைபட்டிருந்தாள். அவள் பெற்ற விவியன் என்ற குழந்தையை ஏழு மாதத்திலே பார்வையிட்டு, அதுவும் இயல்பானதன்று என்று சாட்சியம் சொன்னார்கள். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1927இல் எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக நின்று, அவளுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யலாம் எனத் தீர்ப்பளித்தனர். மந்தபுத்திக்காரர் மூன்று தலைமுறை இருந்தது போதும் என்ற கருத்துப்படத் தீர்ப்பை எழுதியவர் ஒலிவர் வென்டல் ஹோம்ஸ். தாராண்மைவாதி என்று பெயரெடுத்தவர். சத்திரசிகிச்சை அவ்வாண்டிலேயே நடந்தது.

மந்தபுத்தி என்று தீர்க்கப்பட்ட கரி பக் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை ஒழுங்காகத் தேறியவள். அவளுடைய மகள் விவியன் பள்ளிக்குச் சென்றாள். 1931இல் வகுப்பிலே சிறந்த மாணவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அடுத்த ஆண்டில், எட்டு வயதில், நோயுற்று இறந்தாள். அமெரிக்க மாகாணங்களில் இத்தகைய சட்டங்களின் கீழ் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கருத்தடை செய்யப்பட்டனர். அவர்களுள் ஆலை முதலாளியின் மக்கள் எத்தனை பேர் என்று தேடிப்பார்க்க வேண்டியதில்லை.

இவை தாழ்ந்த எண் பெற்றோரின் கதைகள். உயர்ந்த எண் பெற்றவனாவது சுகமாக வாழ்ந்தானா?

வில்லியம் ஜேம்ஸ் சிடிஸ் 1898இல் பிறந்தவன். தந்தை பொரிஸ் சிடிஸ், சார் மன்னனின் ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற யூத உளவியலாளர். பிள்ளையை எவ்வாறு வளர்த்தால் மேதையாக்கலாம் என்று காட்டுவதற்குத் தம் மகனையே சோதனைப் பொருளாக்கியவர். மகன் 1909இல், பதினொரு வயதில், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் அனுமதி பெற்றான். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், நாற்பரிமாண உருவங்கள் பற்றி அப்பல்கலைக்கழகத்தின் கணிதக் கழகத்திற் சொற்பொழிவாற்றினான். பத்திரிகைகள் அவனைப் பிடித்துக்கொண்டன. பொருட்காட்சியிலே இரண்டு தலைக் கன்றுக்குட்டியைப் பார்க்க மக்கள் கூடுவதில்லையா? அப்படிக் கூடினார்கள். பதினாறு வயதிற் பட்டம் பெற்ற அவன், தனிமையில் வாழ்வதே பூரணமான வாழ்வு என்று நிருபர்களிடம் சொன்னான். ஹூஸ்ரன் நகரிற் சிறிது காலம் கணிதம் கற்பித்தான். தன்னைவிட வயதில் மூத்த மாணவர்களின் பரிகாசத்தால் அதுவும் நிலைக்கவில்லை.

1919ஆம் ஆண்டு மே தினத்தன்று பொஸ்ரன் நகரிலே சோஷலிஸ்டுகள் நடத்திய ஊர்வலத்திற் சிடிஸ் கைதானான். பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெற்றோர் அவனைச் சிறைக்குப் போகவிடாமல் தமது மனநோய் விடுதியில் வைத்துக்கொண்டனர். மேதை என்று தலையிற் சுமந்த அதே பத்திரிகைகள் இப்போது வேறு விதமாக எழுதின. அதன் பின்னர் அவன் கூட்டல் யந்திரத்தில் கணக்குப் போடும் சிறிய எழுத்தர் வேலைகளைத் தேடிச் சென்றான். தான் யார் என்பது அலுவலகத்திற் தெரிந்தவுடன் வேலையை விட்டு விலகுவான். டிராம் வண்டிகளின் மாற்றுச் சீட்டுகளைச் சேகரித்தான். அதைப் பற்றி 1926இல் வேறு பெயரில் ஒரு புத்தகமே வெளியிட்டான். 1937இல் நியூயோர்க்கின் பிரபல சஞ்சிகை ஒன்று அவன் குடியிருந்த வாடகை அறையைத் தேடிக் கண்டுபிடித்து, அன்றைய அதிசயச் சிறுவன் இன்று இவ்வளவுதான் என்று ஏளனம் தொனிக்க எழுதியது. சிடிஸ் வழக்குத் தொடுத்தான். பொதுமக்களின் கவனத்துக்கு ஒருமுறை வந்தவன் பின்னர் தனிமையைக் கோர முடியாது என்ற போக்கிலே 1940இல் நீதிமன்றம் அவனைத் தோற்கடித்தது. 1944இல், நாற்பத்தாறு வயதில், மூளையில் இரத்தம் கசிந்து இறந்தான்.

இக்கதையைச் சொல்வோர் அளவுக்கு மிஞ்சிய மூளை ஆளைக் கெடுத்துவிட்டது என்று முடிப்பது வழக்கம். என்ன அபத்தம்! டிராம் சீட்டுச் சேகரித்தது அவன் செய்த குற்றமா? எளிய வேலை செய்து, தான் விரும்பிய நூல்களை எழுதி, அமெரிக்கச் செவ்விந்தியரின் வரலாற்றை ஆராய்ந்து வாழ்ந்த ஒருவனைத் தோற்றுப்போனவன் என்று தீர்ப்பளித்தது யார்? மூளையைக் காசாக மாற்றாதவன் மூளையை வீணாக்கினான் என்று கருதும் சமுதாயமே அத்தீர்ப்பை அளித்தது. அவனுக்குத் தோழரும் தனிமையும் ஒருங்கே மறுக்கப்பட்டன. அவனைச் சோதனைப் பொருளாக்கிய அன்பும் காட்சிப் பொருளாக்கிய பத்திரிகையும் தண்டித்த நீதிமன்றமும் கூடியிருந்து அவன் வாழ்வைச் செய்தன. மூளை அதிலே நாலாவது கட்சி.

மேதைகளைப் பொறுக்கியெடுத்து வளர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டேர்மன், 1921 முதலாகக் கலிபோர்னியாப் பள்ளிகளிற் சல்லடை போட்டு, 140ஐ அண்டிய அல்லது அதனை மிஞ்சிய நுண்மதி ஈவு பெற்ற ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைத் தெரிந்து, வாழ்நாள் முழுவதும் பின்தொடர ஏற்பாடு செய்தார். பெரும்பாலும் வசதியுள்ள வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். டேர்மன் அவர்களைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. சிபாரிசுக் கடிதங்களும் எழுதிக் கொடுத்தார். (தராசைத் தூக்கியவரே தட்டிலும் விரலை வைத்தார் எனலாம்.) அவ்வாறெல்லாம் செய்தும் அக்கூட்டத்திலிருந்து ஒருவரும் நோபெல் பரிசு பெறவில்லை. அச்சல்லடையில் தங்காமற் கீழே விழுந்த பிள்ளைகள் இருவர் பிற்காலத்திற் பௌதிகத்துக்கு நோபெல் பரிசு பெற்றனர்: 1956இல் வில்லியம் ஷொக்லி, 1968இல் லூயி அல்வாரெஸ். தெரிந்தெடுத்த ஆண்களுள் மிக முன்னேறிய நூறு பேரையும் மிகப் பின்தங்கிய நூறு பேரையும் ஒப்பிட்டு 1968இல் வெளியான ஆய்வு, இரு பகுதியாருக்குமிடையில் நுண்மதி ஈவிலே சொல்லத்தக்க பேதம் இல்லை என்று கண்டது. தந்தையின் கல்வியும் வீட்டின் ஊக்கமும் விடாமுயற்சியுமே பேதமாக இருந்தன. அதே அளவு மூளையுள்ள பெண்களுட் சுமார் பாதிப் பேர் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்ந்தனர். பெண் என்று பிறந்தால் 150க்கும் அடுப்பங்கரைதான் என்பதை அளவுகோல் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இதிலே மிகப் பெரிய வேடிக்கை ஷொக்லியின் பிற்கால வாழ்க்கை. அளவுகோலால் நிராகரிக்கப்பட்ட அந்த மனிதர், கறுப்பின மக்கள் பிறப்பிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று அதே அளவுகோலைக் கையில் ஏந்திக்கொண்டு ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். மேதைக்கும் மூடத்தனம் விலக்கன்று.

இங்கிலாந்தின் சிரில் பேர்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிறப்பே அறிவைத் தீர்மானிக்கின்றது என்ற அவரது போதனை, 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் பதினொரு வயதிலே பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு பள்ளிகளுக்கு அனுப்பிய முறைக்குப் பெருந்துணையாக நின்றது. பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையர் பற்றி அவர் வெளியிட்ட கணக்கிலே, இரட்டையர் எண்ணிக்கை 21 சோடியிலிருந்து 53 சோடியாகக் கூடிய பின்னரும், விடை மூன்று தசமதானம் வரை மாறாமல் 0.771 என்றே நின்றதை லியோன் காமின் 1974இல் அம்பலப்படுத்தினார். கணக்கு வாத்தியாரிடம் அப்படியொரு விடைத்தாளைக் கொடுத்தால் பார்த்தெழுதியது என்று பிரம்பை எடுப்பார். பேர்ட்டுக்கோ ‘சேர்’ பட்டம் கிடைத்தது. ஜேம்ஸ் பிளின் 1984இல் காட்டிய கணக்கு இன்னும் எளிது: 1932க்கும் 1978க்கும் இடையில் அமெரிக்கரின் சராசரி நுண்மதிப் புள்ளி ஏறத்தாழ 14 ஆற் கூடிவிட்டது. நாற்பத்தாறு ஆண்டுகளில் இரத்தம் மாறுவதில்லை. பள்ளியும் தொழிலும் வாழ்க்கையும் மாறுகின்றன.

தமிழர் மேதை என்றால் எல்லோரும் இராமானுஜனைச் சொல்வர். சொல்பவர்கள் நாமக்கல் தாயார் கனவிற் தோன்றினாள் என்பதையும் சேர்த்துச் சொல்வர். கும்பகோணத்து அரசினர் கல்லூரியிலே கணிதம் தவிர்ந்த பாடங்களிற் தேறாததால் அவருக்கு இருந்த புலமைப்பரிசில் போய்விட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுவர். தாள் வாங்கக் காசில்லாமற் சிலேற்றில் எழுதி முழங்கையால் அழித்தவர் அவர். சென்னைத் துறைமுகத்திலே மாதம் முப்பது ரூபா சம்பளத்துக்கு எழுத்தராக இருந்தபோதுதான், 1913 ஜனவரியில், கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1918இல் ரோயல் சொசைட்டி அங்கத்தவர். 1920இல் முப்பத்திரண்டு வயதில் மரணம். இளமையின் மிகச் செழிப்பான ஆண்டுகள் உரிய வழிகாட்டுதலின்றிக் கழிந்ததே அவரது வாழ்வின் உண்மையான சோகம் என்று ஹார்டியே கருதினார். இராமானுஜனைத் தெய்வமாக்குவோர் அந்த ஆண்டுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெய்வத்துக்குத் தாள் எதற்கு?

மூளை வழிபாட்டிலிருந்து புரட்சி நாடும் முற்றாகத் தப்பவில்லை. லெனின் இறந்த பின் அவருடைய மூளையிலே மேதைமையைக் காணலாம் என்று ஜெர்மன் நிபுணர் ஒருவரை மாஸ்கோவுக்கு அழைத்து, அதை ஆயிரக்கணக்கான மெல்லிய துண்டுகளாகச் சீவினார்கள். ருஷ்யாவின் வறுமையையும் சிறையையும் நாடுகடத்தலையும் தொழிலாளர் இயக்கத்தையும் ஒரு கண்ணாடித் தகட்டிற் தேடினார்கள்! ஆனால் அதே நாட்டிலிருந்துதான் இந்த விஷயத்திலே நமக்கு மிகப் பயன்படும் ஆராய்ச்சியும் வந்தது. அலெக்சாந்தர் லூரியா 1931லும் 1932லும் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குச் சென்று எழுத்தறியாத விவசாயிகளோடு உரையாடினார். சுத்தியல், வாள், கோடரி, மரக்குற்றி ஆகிய நான்கில் எது மற்றவற்றோடு சேராது என்று கேட்டார். கருவிகள் மூன்று, மரம் வேறு என்பது பள்ளிக்கூடத்து விடை. விவசாயி ஒன்றையும் விலக்க மறுத்தான். மரக்குற்றி இல்லாவிட்டால் வாளுக்கும் கோடரிக்கும் என்ன வேலை என்று அவன் திருப்பிக் கேட்டான். ஓரிரு ஆண்டுகள் பள்ளியில் அல்லது கூட்டுப்பண்ணை வகுப்பிற் படித்தவர்களோ எதிர்பார்த்த விடையைச் சொன்னார்கள். இது மூளையின் பேதமன்று. வாழ்க்கை கேட்கும் கேள்வியின் பேதம். இந்த ஆய்வும் அன்றைய சோவியத் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1974இலேயே அது முழு நூலாக வெளிவந்தது.

பொருந்தாததைத் தெரிவு செய்க என்ற வினா நமது பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களில் இன்றும் வருகின்றது. லயத்திலே வளர்ந்த பிள்ளை ஒன்று அந்த உஸ்பெக் விவசாயியைப் போல விடையளித்தால் நாம் என்ன செய்கின்றோம்? சிவப்பு மையால் ஒரு கோடு.

இந்நாட்டிலே மூளை எங்கே முளைக்கலாம், எங்கே முளைக்கலாகாது என்பதை யார் தீர்மானித்தார்கள் என்று சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சரியாசனத்தில் அமரலாம் என்று வந்தபோது, 1930ஐ ஒட்டிய காலத்திற் பாடசாலைகளுக்கே தீ வைத்தவர்கள் இருந்தனர். நிலத்தில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்குத் தலையில் ஒன்றுமில்லை என்று சொன்னவர்களும் அவர்களே. தலையில் ஒன்றுமில்லை என்று மெய்யாகவே நம்பியிருந்தால் வாங்குக்கு அஞ்சியிருக்கமாட்டார்கள். மலையகத்திலோ, தோட்டத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டுமென்று 1920ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தபோதும், ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டிலுமாக அது பெயரளவில் நடந்தது. கொழுந்து பறிக்கும் கைக்கு எழுத்துத் தெரிந்தால் பிரட்டுக்களத்திற் கேள்வி கேட்கும் என்று துரைமாருக்கும் கங்காணிமாருக்கும் தெரியும். 1948இலே அம்மக்களின் பிரசாவுரிமையும் பறிபோயிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான்.

இதற்கிடையே, கன்னங்கராவின் தலைமையிலான குழு 1943இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்துக்கு மத்திய கல்லூரி வந்தது. இது பெரிய வெற்றி. அதைக் குறைத்துப் பேசுவோருடன் நமக்குச் சம்பந்தமில்லை. இதனை வாசிப்போரில் பலர் அந்தக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்களே. கிராமத்து ஏழைப் பிள்ளையைக் கைதூக்கிவிட ஏற்பட்டதே புலமைப்பரிசில். இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் அப்பரீட்சை, நகரத்தின் ‘பிரபல’ பாடசாலைகளின் வாயிற்கதவாக மாறிவிட்டது. கதவுக்கு வெளியே தனியார் வகுப்பு என்ற கடை. காசுள்ளவன் மூன்றாம் வகுப்பிலேயே அக்கடைக்குப் பிள்ளையை அனுப்புகின்றான். பின்னர் வரும் புள்ளியை எடுத்துக்காட்டி, தன் பிள்ளைக்குப் பிறவியிலேயே மூளை என்கின்றான். கால்ற்றன் எண்ணிய நீதிபதிகளின் மைந்தர் நினைவுக்கு வருகின்றனரா?

கதவைத் தாண்டிவிட்ட கிராமத்துப் பிள்ளையின் நிலையையும் பார்க்க வேண்டும். பத்து வயதில் வீட்டைவிட்டு விடுதிக்குப் போகின்றான். புதிய பள்ளியிலே அவனுடைய பேச்சைக் கேட்டுச் சிரிக்கின்றார்கள், பேச்சை மாற்றிக்கொள்கின்றான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், கூட விளையாடியவன் கடற்கரையில் வலை இழுக்கின்றான். இருவருக்கும் கதைப்பதற்கு ஒன்றுமில்லை. ‘உவன் படிக்கிற பிள்ளை, உவனை வேலை ஏவாதையுங்கோ’ என்று தாய் தடுக்கின்றாள். தகப்பன் மகனுக்கு முன்னாற் பீடியை மறைக்கின்றான். அக்காளின் காதுத்தோடு அவனுடைய புத்தகத்துக்காக அடகுக்குப் போகின்றது. இத்தனை பேரின் கடனைத் தலையிற் சுமப்பவனுக்கு, ஒருமுறை பிழைவிடவும் உரிமையில்லை. ஒரு நாள் விளங்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. இதைத்தான் மேதையின் இயல்பான தனிமை என்று நூல்கள் வருணிக்கின்றன. அமெரிக்காவின் லீட்டா ஹொலிங்வேர்த் மிக உயர்ந்த புள்ளி பெற்ற பிள்ளைகளை நெடுங்காலம் அவதானித்து, அவர்கள் தோழரின்றித் தனித்துப்போவதைப் பதிவு செய்தார். அவதானிப்பு மெய்யே. ஆனால் ஆயிரத்தில் ஒருவனை மட்டும் மேலே இழுத்து ஏணியையும் மடக்கிவிட்டு, மேலே நிற்பவன் தனியாக நிற்கின்றானே என்று இரங்குவதிற் பொருளென்ன?

அப்படி மேலேறியவன் பின்னர் கப்பலோ விமானமோ ஏறிவிட்டால் நன்றி கெட்டவன் என்று ஏசுகின்றோம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் பெருந்தொகையாக வெளியேறியபோது இந்த ஏச்சை நிறையக் கேட்டோம். பத்து வயது தொடக்கம், உன் மூளை உன்னுடைய சொத்து, அதைக் கொண்டு மற்றவனை முந்து என்று போதித்தவர்கள் யார்? சொத்து என்றால் கூடிய விலை கிடைக்கும் சந்தைக்குத்தான் போகும். அப்போது மட்டும் அது ஊரின் பொதுச்சொத்து என்று உரிமை கொண்டாடுவது எந்த நியாயம்?

நமது தொழிற்சங்கத் தோழர்களிற் சிலர், பாட்டாளி வர்க்கம் என்று கூட்டத்திற் பேசிவிட்டு, மறுநாட் காலையில் ‘கெட்டிக்காரர்’ முன்வாங்கில், ‘மக்குகள்’ பின்வாங்கில் என்று வகுப்பைப் பிரித்துவைக்கின்றனர். வசதிக்காகத்தான் என்பார்கள். இருக்கலாம். கரி பக்கை விடுதிக்கு அனுப்பியதும் ஒரு குடும்பத்தின் வசதிக்காகத்தான். முன்வாங்குப் பிள்ளை பின்வாங்குப் பிள்ளைக்கு ஒரு கணக்கை விளக்கும் வகுப்பிலே இருவரும் கற்கின்றனர். விளக்குபவன் தன் கூர்மை எதற்குப் பயன்படும் என்பதையும் சேர்த்துக் கற்கின்றான். இதற்குத் திணைக்களத்தின் சுற்றறிக்கை தேவையில்லை. நாளைக்கே செய்யலாம்.

திணைக்களத்திடம் கேட்க வேண்டியவை வேறு. வறிய பிள்ளைக்குரிய உதவிப்பணத்தை வறுமையை மட்டும் பார்த்துக் கொடுக்க வேண்டும். வறுமைக்கு வெட்டுப்புள்ளி எதற்கு? பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியை அச்சிட்டுத் தொங்கவிட்டு வியாபாரம் செய்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும். பரீட்சை இல்லாமல் ஆகாது என்று அதிகாரிகள் அடம்பிடித்தால் பரீட்சையை வைக்கட்டும். ஆனால் பினே வைத்த காரணத்துக்காக வைக்கட்டும். எந்தப் பாடசாலையிற் பிள்ளைகள் எந்த இடத்தில் இடறுகின்றனர் என்பதை அவ்விடைத்தாள்களிலிருந்து கண்டறிந்து, முதற் பிள்ளையைத் தேடி மாலையோடு போவதற்குப் பதிலாக, அந்தப் பாடசாலைக்கு அடுத்த தவணை தொடங்குமுன் கணித ஆசிரியர் ஒருவரையும் வாசிக்கத்தக்க புத்தகங்களையும் அனுப்பிவைக்கட்டும்.